கொசு வராத குளியலறை

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். ஆக்ஸிமீட்டரில் விரலை வைத்தேன்: 98. இரத்த அழுத்தம் 128/84. தலைவலி: லேசாக. 4.55க்கு வாசலில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்துக் கழுவி வைத்தேன். 5.10க்குக் குளியலறைக்குள் போய் 5.25க்கு வெளியே வந்தேன். உடனே மனைவி உள்ளே போனாள். 6.05க்கு வெளியே வந்தாள். ‘அவள்: 40 நிமிடம்’ என்று நோட்டில் எழுதினேன். அந்த நாற்பதில் இருபத்தைந்து நிமிடம் என் சட்டைக் காலர்களை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதற்குப் போகிறது என்பதை எழுதவில்லை.

இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். என் நினைவை நம்பி எதையும் சொல்லும் தகுதியை அன்று காலை பதினொன்றரை மணிவாக்கில் இழந்தேன்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர் வேலை. மனைவி கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். ஒரே மகள் சிறுசேரியில் வேலை செய்துகொண்டு அங்கேயே விடுதியில் இருக்கிறாள்.

அன்று இருவரும் விடுப்பு. 10.30க்கு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவளுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா என்று கேட்பதற்காக. தொடங்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரையாண்டுத் தேர்வில் பதினொரு விடைத்தாள்களில் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருந்தாள். பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். பொதுத்தேர்வு நெருங்குவதால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லும்படி தலைமையாசிரியை கேட்டிருந்தார். முடிவு என்றால் ராஜினாமா. கடிதத்தை நானே எழுதி வைத்திருந்தேன், என் கையெழுத்தில், நான்கு பக்கமும் சரியான ஓரம் விட்டு. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மருத்துவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே போட்டுவிடுவதாகப் பேச்சு.

நோட்டையும் எடுத்துப் போனேன். அதன் கடைசிப் பக்கங்களில் ‘அவள்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இடது பக்கம் தேதி, வலது பக்கம் தவறு. சாம்பாரில் இரண்டு முறை உப்பு. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனது. மாணவன் ஒருவனை அவன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மொத்தம் இருபத்தாறு. மனைவியின் தவறுகளை வரிசை எண் போட்டு எழுதும் ஆளைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மருத்துவருக்கு உதவியாக இருக்கும் என்றே நினைத்தேன்.

அந்தப் பட்டியலில் டிசம்பர் 12, வியாழக்கிழமை, பதினான்காவது வரி: ‘வழி மறந்தாள்.’ நடந்தது இது. மாலை 4.50க்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“ஏங்க, கேம்ப் ரோட்டுல நிக்கறேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல.”

“எங்க போறதுக்கு?”

“வீட்டுக்குத்தாங்க.”

“இருபத்திரண்டு வருஷமா போற வழி. கண்ணத் தெறந்து பாரு, தெரியும்.”

பேருந்துகளின் ஹாரன் மட்டும் கேட்டது. “தலைக்குள்ள ஈரத்துணியப் போட்டு அமுக்கின மாதிரி இருக்குங்க” என்றாள். அடைப்புக்குறிக்குள் ‘சாக்கு’ என்று எழுதினேன். ஐந்தே முக்காலுக்கு யாரோ ஓர் ஆட்டோக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டார்.

இந்த இரண்டு மாதமும் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மருத்துவர்களாகிவிட்டார்கள். எங்கள் திருச்சபையில் ஓர் அம்மாள் வல்லாரை லேகியம் கொடுத்தார். இன்னொருவர் பாதாம் பருப்பை ஊறவைக்கச் சொன்னார். மச்சான், அதாவது அவள் தம்பி, நாற்பத்தெட்டு வயதில் பெண்களுக்கு எல்லாம் இப்படித்தான் என்று ஒரு காணொளி அனுப்பினார். அதைப் பேசியவர் மருத்துவரல்ல, முடி வளரும் எண்ணெய் விற்பவர். இவர்களையெல்லாம் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். லேகியம் கொடுத்த அம்மாள் தன் அறியாமையை ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். நான் என்னுடையதைக் கோடு போட்ட நோட்டில் வைத்திருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மருத்துவர் மிகவும் இளம் பெண். முப்பதைத் தாண்டியிருந்தால் அதிசயம். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் மரியாதை குறைந்தது. மனைவியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்.

“தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரண்டு…” அவள் நின்றாள். கூரையைப் பார்த்தாள். “அறுபத்தாறு?”

“அறுபத்தஞ்சு” என்றேன் நான், மருத்துவர் கேட்காமலேயே. கணக்கு டீச்சர், பார்த்துக்கொள்ளுங்கள், என்பதுபோல ஒரு சிரிப்பும் சிரித்தேன். பிறகு நோட்டை நீட்டினேன். “டாக்டர், தேதிவாரியா எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். கடைசிப் பக்கத்துல இருந்து பாருங்க.”

அவர் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. நோட்டை நடுவில் பிரித்து, ஒரு பக்கத்தைப் படித்து, அடுத்ததைத் திருப்பி, மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

“சார், ஜனவரி ஒம்பதாம் தேதி ரெண்டு தடவ வருதே?”

“இருக்காது.”

“பத்து இல்ல. பதினொண்ணும் இல்ல. ஒம்பது, ஒம்பது, அப்புறம் பன்னெண்டு.” நோட்டை என் பக்கம் திருப்பினார். “இங்க பாருங்க, ‘பால் வரவில்லை’னு எழுதி, நாலு வரி தள்ளி ‘பால் காய்ச்சினேன்’னு இருக்கு. அக்டோபர்ல உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு சார். இப்போ கோட்ட விட்டுக் கீழ இறங்குது.”

“பேனா சரியில்ல.”

“நீங்களும் ஏழு கழிங்களேன், சார்.”

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் தேர்வுப் பிரிவில் இருந்தவனைப் பார்த்து ஒரு சிறு பெண் கேட்கும் கேள்வியா? வேகமாகச் சொன்னேன்: “தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தெட்டு, எழுபத்தொண்ணு, அறுபத்தி…”

மனைவி சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். “எழுபத்தொம்பதுங்க” என்றாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கேட்டார். “டிசம்பர் இருபத்து நாலுலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும் எங்க இருந்தீங்க? ஒரு நாள் கூடத் தலைவலினு எழுதல. மேடம் மேல ஒரு தப்பும் எழுதல.”

“கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில். இவ அக்கா வீடு.”

அந்த ஐந்து நாட்களுக்கு நேரே நான் எழுதியிருந்த காரணம்: ‘வேலை இல்லாததால்.’ அவர் அதையும் சத்தமாகவே படித்தார். அடுத்து பொங்கலன்று: ‘மகளுக்கும் தலைவலி. காரணம்: கைபேசி.’ மகள் அன்று சொன்னது வேறு. “அப்பா, இந்த வீட்டுக்கு வந்தாலே எனக்குத் தல வலிக்குது” என்றாள். அதை அப்படியே எழுதியிருந்தால் ஒரு குழந்தைகூடப் புரிந்துகொண்டிருக்கும். நான்தான் காரணம் கண்டுபிடித்து எழுதினேன்.

“வீட்ல வெந்நீர் எப்படிப் போடறீங்க?” என்று கேட்டார் மருத்துவர்.

“கேஸ் கீசர்.”

“எங்க மாட்டியிருக்கு?”

“பாத்ரூம்ல.”

“உள்ளயா?”

“உள்ளதான்.”

“ஜன்னல் இருக்கா?”

“இருந்தது. சுத்தமா மூடியாச்சு. ஏரிப் பக்கம் இல்லையா, டாக்டர்? இப்போ ஒரு கொசு வராது.” இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அது எனக்கே இன்னும் காதில் கேட்கிறது.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு எங்கள் மின்சார கீசர்களை வருடத்துக்கு ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அதனால் 2024 அக்டோபர் 19 அன்று எரிவாயு கீசர் வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டினோம். மழை தொடங்கியதும் கொசு. நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, குளியலறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னலை அளந்தேன். நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு முப்பது. அக்ரிலிக் தகடு வாங்கி அளவாக வெட்டி, நாலு ஓரமும் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். படுக்கையறை ஜன்னலையும் அப்படியே. எங்கள் பக்கத்தில் கொசுவுக்காக வலையடிக்காத வீடு கிடையாது, ஆனால் என் அளவுக்கு யாரும் அடைக்கவில்லை. பட்டியலின் முதல் வரி நவம்பர் 18. எட்டு நாள். இரண்டும் ஒரே நோட்டில், ஒரே மையில் இருந்தன. நான் தினமும் அந்த நோட்டைத் திறந்தேன்.

மருத்துவர் விளக்கினார். மூடிய இடத்தில் காற்று போதாமல் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. மூளைக்குத்தான் முதல் பட்டினி. தலைவலி, மந்தம், மறதி, கவனம் சிதறுவது, தெரிந்த கணக்குத் தப்புவது, தெரிந்த வழி புரியாமல் போவது. முதலில் குளித்தவர் காற்றைக் கெடுத்துவிட்டுப் போகிறார். பின்னால் போகிறவர் கெட்ட காற்றிலேயே நாற்பது நிமிடம் நிற்கிறார். அதனால்தான் அவளுக்கு அதிகம்.

வீட்டில் நான்தான் முதலில் குளிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. கல்யாணமான வாரத்திலிருந்து.

ஒரு கடைசித் துருப்புச்சீட்டு என்னிடம் இருந்தது. “டாக்டர், நான் தினமும் ஆக்ஸிமீட்டர்ல பாக்கறேன். ரெண்டு பேருக்கும் தொண்ணூத்தெட்டு. ஒரு நாள் கூடக் குறையல. எழுதியிருக்கேன்.”

“குறையாது சார். அந்த மிஷின் பஸ்ஸுல கூட்டம் இருக்குனு மட்டும்தான் சொல்லும். ஏறினவங்க யாருனு அதுக்குத் தெரியாது.”

கொரோனா காலத்தில் வாங்கிய கருவி. நாலு வருடமாக எழுதிவந்த தொண்ணூற்றெட்டுகள், தொண்ணூற்றேழுகள். அன்று முதல் அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். குளித்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டதால் அந்த வாயு கொஞ்சம் வெளியேறியிருக்கும் என்று சொல்லியே அனுப்பினார். அப்படியும் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது, அவளுக்கு என்னைவிட அதிகம். ஆக்ஸிஜன் முகமூடி போட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து அவள் கேட்டது மருத்துவருக்கு இரண்டாவது முறைதான் புரிந்தது.

“டாக்டர், நான் பழையபடி கிளாஸ் எடுக்க முடியுமா?”

“பெரும்பாலும் சரியாயிடும், மேடம். சில வாரம் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் நின்னுடும், சில சமயம் நல்லாயிட்ட மாதிரி இருந்துட்டு மறுபடி வரும். அதனால மறுபடி மறுபடி வந்து காட்டணும். ஸ்கேனும் பாத்துடலாம். ஆனா ராஜினாமா எல்லாம் இப்போ பேசாதீங்க.”

நல்ல மூளை மங்கும்போது, மங்குகிறது என்று சொல்ல வேண்டியதும் அதே மூளைதான். அவளுடையது சொன்னது. ஈரத்துணி என்று சொன்னது. என்னுடையது சொல்லவில்லை. அல்லது அது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், வாயுவே இல்லாத காலத்திலும் நான் கேட்டதில்லை. டிசம்பரில் என் பிரிவில் இரண்டு மாணவர்களுக்கு ஒரே இருக்கை எண் போயிற்று. அதற்காக எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினேன். அந்த வரிசையைத் தயாரித்தது நான்.

மாலை 4.30க்கு வீட்டுக்கு வந்ததும் கீசர் மாட்டியவரைக் கூப்பிட்டேன். ஐந்தேகாலுக்கு வந்தார். குளியலறை வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்தார், தலையில் கை வைத்தார்.

“இன்னா சார் இது? அன்னிக்கே சொன்னேன்ல, ஜன்னல மூடாத, காத்து வந்துகினே இருக்கணும்னு? வெளிய மாட்டிக்கலாம்னும் சொன்னேன். நீதான் செவுத்துல பைப் தெரியும், அசிங்கமா கீதுன்ன.”

“சொன்னீங்களா?”

“சொன்னீங்களாவா? சரிப்பா சரிப்பான்னு என்ன வெளிய வுட்டுக் கதவ சாத்தின சார்.” கீசரின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். ஒரே கரி. “கொசு வரலயாமே? உள்ள வந்துகினு இருந்தா அதுவும் செத்துதான் போயிருக்கும். பேஜாரு சார் உன்னோட. வூட்ட கட்டிக்கினியா, ஊறுகா பாட்டில கட்டிக்கினியா?”

அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா என்பது என் மனைவி. அவளும் சிரித்தாள்.

எரிவாயுக் குழாயை அடைத்து, கீசரை இறக்கி, சிலிக்கானை அறுத்துத் தகட்டைப் பெயர்த்தார். ஏழு மணிக்குக் கொசுக்கள் வந்துவிட்டன, வழி மறக்காமல்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி கையை நீட்டினாள். “அந்த நோட்டக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கன்னா குடுங்க.”

கொடுத்தேன். பள்ளிப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நவம்பர் 10 என்ற பக்கத்திலிருந்து தொடங்கினாள். எதிரே போய் நின்றேன். “என்ன பாக்கற?”

“பேப்பர் திருத்தும்போது பேசக்கூடாது. அந்தப் பக்கம் போங்க.”

மெதுவாகத்தான் திருத்தினாள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சில பக்கங்களுக்கு ஐந்து. இரண்டு முறை நின்று கண்ணை அழுத்திக்கொண்டாள். நான் கொசுவர்த்திச் சுருளை ஏற்றப் போனேன். “ஒரு நாளைக்கு ஒரு பொக போதும், அணைச்சிடுங்க” என்றாள். அணைத்தேன். 9.30க்கு நான் படுக்கப் போனபோதும் பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

ஜனவரி 22, புதன்கிழமை. 4.45க்கு எழுந்தேன். விரலை எதிலும் வைக்கவில்லை. பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், முதலில் போய்ச் சாப்பாட்டு மேசையில் இருந்த நோட்டைத் திறந்தேன். நவம்பரிலிருந்து என் தவறுகள் எல்லாம் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தன. இரண்டு ஜனவரி ஒன்பதுகள். வராத பாலைக் காய்ச்சியது. பொங்கலுக்கு மறுநாளை ‘ஞாயிறு’ என்று எழுதியது. அக்டோபர் 19 அவள் திருத்தத் தொடங்கிய இடத்துக்கு முன்னால் இருக்கும் பக்கம். அங்கே வட்டம் எதுவும் இல்லை, ஒரே ஒரு வரியின் கீழ் மட்டும் இரட்டைக் கோடு: ‘கீசர் பொருத்த வந்தவர் தேவையில்லாத அறிவுரைகள் சொன்னார்.’

கடைசியில், ‘அவள்: 26’ என்று நான் போட்டிருந்த கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில், ‘அவர்: 31’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே, ரேங்க் கார்டில் விடுவதுபோல, கையொப்பத்துக்கு ஒரு கோடு. கூட்டல் போட்டுப் பார்த்த தாளும் நோட்டுக்குள்ளேயே இருந்தது. ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம்.

வட்டங்களை எண்ணினேன். இருபத்தொன்பது வந்தது. பாவம், இன்னும் தப்புகிறாள் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு புள்ளி வைத்து, பக்கம் பக்கமாக மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.

அவள் விட்டிருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் அவளுக்கு வெந்நீர் வைத்தேன்.